உச்சி வெயிலில் பருந்துப் படம்: காவிரிக் கரையில் தொடங்குபவர்களுக்கு

"விடியலில் போ, ஒன்பது மணிக்குள் மூட்டையைக் கட்டு." பறவைப் படம் எடுக்க ஆசைப்படும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். கொக்கு, நாரை, மீன்கொத்தி என்றால் சரி. பருந்துக்கு இது பாதிதான் பொருந்தும். மீன் இறங்கும் துறைகளில் விடியலிலேயே பருந்து தாழப் பறக்கும், உண்மை. ஆனால் வயல்வெளியிலும் ஆற்றங்கரையிலும் அது வெயில் ஏறும்வரை தென்னை மட்டையிலோ கரண்ட் கம்பத்திலோ உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். தரை சூடேறி, சூடான காற்று மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான் இறக்கையை விரித்து அந்தக் காற்றின்மேல் ஏறும். அவ்வளவு பெரிய இறக்கையை அடித்து அடித்து மேலே போவது அதற்குக் கட்டுப்படியாகாது. ஆக, வானில் வட்டமிடும் பருந்து வேண்டுமென்றால் வெயிலோடு ஒரு சமாதானத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

நான் தொடங்கிய வருடம், ஒரு மாசி மாதம், கொள்ளிடக் கரையில் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்று அறுநூறு படம் எடுத்தேன். வெயிலில் கேமராத் திரை மங்கித் தெரிந்தது. படம்தான் இருட்டாக விழுகிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், எல்லாக் கருடனுக்கும் தலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கழுத்து இறகின் கோடு ஒன்றுகூட இல்லை. தேறியது மூன்றே மூன்று. மூன்றும் நான் பொத்தான்களைத் திருக ஆரம்பிப்பதற்கு முன் எடுத்தவை. மூன்றிலும் பருந்து தண்ணீருக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு தற்செயலும் ஏன் வேலை செய்தன என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

எந்தப் பறவை

டெல்டாவில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது செம்பருந்து. ஊரில் கருடன் என்பார்கள். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். வெள்ளையின்மேல் மெல்லிய கருங்கோடுகள் ஓடும். நல்ல படத்தில் அந்தக் கோடுகள் தெரியவேண்டும். கள்ளப்பருந்து முழுக்க மண்ணின் பழுப்பு, வால் நுனியில் கவட்டை மாதிரி ஒரு பிளவு. கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் போனால் வெண்வயிற்றுக் கடற்கழுகு. இறக்கை விரித்தால் 2 மீட்டர் அளவு வரும், உடம்பு வெள்ளை, இறக்கையின் பின்பாதி கறுப்பு. குளிர்காலத்தில் ஏரிகளுக்கும் காயல்களுக்கும் விராலடிப்பான் வரும். அந்தரத்தில் நின்று இறக்கையடித்துவிட்டுக் காலை முன்னே நீட்டித் தண்ணீரில் விழும். அதே பருவத்தில் நெல்வயலின் தலைக்கு மேலே தடவுவதுபோலப் போகும் பறவையைப் பார்த்தால் அது சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கலாம்.

இந்தப் பட்டியலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெயிலில் வெள்ளைப் பறவைக்கு ஒரு கணக்கு, பழுப்புப் பறவைக்கு வேறு கணக்கு. முதல் ஒரு மாதத்துக்குக் கருடனை மட்டும் எடுங்கள். கருடன் ஒன்றிலேயே வெள்ளையும் இருக்கிறது, அடர்நிறமும் இருக்கிறது. அதைச் சரியாக எடுக்கப் பழகிவிட்டால் மற்றவை எளிது.

உங்கள் நிழலைப் பாருங்கள்

கரையில் போய் நின்றதும் செய்யவேண்டிய முதல் வேலை, கேமராவை எடுப்பதற்கு முன்னால், உங்கள் நிழலைப் பார்ப்பது. நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. ஓரளவு சாய்ந்த வெளிச்சம், கவலை இல்லை. நிழல் உங்களைவிடக் குட்டையானதும் உச்சி வெயில் கணக்குத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் சித்திரை மாதம் இது காலை ஒன்பதேகாலுக்குள் நடந்துவிடும். மார்கழியில் பத்து மணி ஆகும்.

இன்னொன்று. மார்கழி, தை மாதங்களில் நண்பகலில்கூடச் சூரியன் நம் தலைக்கு நேராக வருவதில்லை. தெற்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் உச்சிவேளைக்கு ஏறத்தாழ 55 டிகிரிதான். தெற்கே முதுகைக் காட்டி வடக்கே பார்த்து நின்றால் பன்னிரண்டு மணிக்கும் நல்ல படம் கிடைக்கும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியின் முதல் பத்து நாட்களிலும்தான் சூரியன் நட்ட நடுவில், நிழல் காலடியில் விழும்படி நிற்கும். அந்த நாட்களில் பதினொன்று முதல் ஒன்றரை வரை நான் மரத்தடியில் படுத்துவிடுவேன்.

மேலேயிருந்து வரும் வெளிச்சத்தில் இரண்டு தொல்லை. பருந்தின் முதுகு பளபளவென்று இருக்கும், நமக்குத் தெரிவதோ அதன் வயிறு, அது இருட்டு. இரண்டாவது, கண். கழுகு வகைகளுக்குப் புருவ எலும்பு கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும். அவற்றின் முறைப்பான பார்வை அதனால் வருவதுதான். உச்சி வெயிலில் அந்தப் புருவமே கண்ணுக்கு மேல் குடை பிடித்த மாதிரி ஆகி, கண் இருந்த இடத்தில் ஒரு கருங்குழிதான் விழும்.

இந்த இரண்டுக்கும் டெல்டா ஒரு மருந்து வைத்திருக்கிறது. கீழேயிருந்து வரும் வெளிச்சம். நாற்று நட்ட வயலில் நிற்கும் தண்ணீர், கொள்ளிடத்தின் வெளுத்த மணல், அறுவடை முடிந்த வயலின் தாளடி வைக்கோல் நிறம், வேதாரண்யத்து உப்பளம், எல்லாமே சூரியனை வாங்கி மேலே எறியும். கல்யாண மண்டபத்தில் புகைப்படக்காரர் வெள்ளைத் தெர்மோகோலைப் பிடித்து மணப்பெண் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்புகிறாரே, அதே வேலை. பருந்து எவ்வளவு தாழப் பறக்கிறதோ அவ்வளவு நன்றாக அதன் வயிறும் கண்ணும் துலங்கும். என்னுடைய அந்த மூன்று படங்களும் தேறியது தண்ணீர் செய்த உபகாரம்தான்.

அதனால் இடம் பார்க்கும்போது வானத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். தென்னந்தோப்புக்கு மேலே, பச்சை பிடித்த வாழைக்கொல்லைக்கு மேலே பறக்கும் பருந்தை உச்சி வேளையில் விட்டுவிடலாம். அந்த இலைக்கூட்டம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். நீர் கட்டிய வயல், ஏரி, மணல், உப்பளம், இவற்றின் ஓரமாகக் காத்திருங்கள். உப்பளம்தான் இவற்றில் உச்சம். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து வந்தவர்கள் எப்படிப்பட்ட வெயிலைப் பார்த்திருப்பார்கள் என்பது அந்தப் பாத்திகளுக்கு நடுவே அரைமணி நேரம் நின்றால் புரிந்துவிடும். கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் நம் தாடைகூடக் கறுத்துப்போகும். கடற்கழுகின் வெள்ளை வயிறு அங்கே விளக்கு போட்டது மாதிரி வரும்.

கொக்கை வைத்து அளவெடுப்பது

இப்போது கேமரா. மேகமில்லாத நாளில், காலை பத்திலிருந்து மூன்று வரை, வெயிலின் அளவு மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மாறுவது பறவைக்குப் பின்னால் இருக்கும் வானமும் மரமும்தான். கேமராவைத் தானியங்கியில் விட்டால், பருந்து தென்னைக்கு முன்னால் போகும்போது "இருட்டு" என்று வெளிச்சத்தைக் கூட்டும். அதே பருந்து வெள்ளை வானத்துக்கு வந்ததும் "வெளிச்சம் அதிகம்" என்று குறைக்கும். முதலாவதில் தலை வெளுத்துப்போகும், இரண்டாவதில் பறவை கரிக்கட்டையாகும். பறவைமேல் விழும் வெயிலோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் மேனுவலுக்கு, அதாவது வெளிச்ச அளவை நாமே கையால் வைக்கும் முறைக்குப் போங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் மேனுவல் என்றாலே பயப்படுவார்கள். உண்மையில் கடும் வெயிலைவிட மேனுவல் பழக நல்ல நேரம் கிடையாது.

மேனுவலில் வைக்கவேண்டியது மூன்று அளவு. அபெர்ச்சர் என்பது லென்ஸ் திறப்பு, எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஷட்டர் என்பது அது திறந்திருக்கும் நேரம், 1/400 என்றால் நொடியில் நானூறில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது. இவற்றுக்குப் பழைய பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எவ்வளவோ ஷட்டர் வேகமும் அதுவே. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. பருந்துக்கு 1/400 போதாது, அதனால் அபெர்ச்சரைத் திறந்து வேகத்தை ஏற்றுகிறோம். எஃப் 8இல் 1/1600, எஃப் 5.6இல் 1/3200. வெளிச்சம் அதேதான். உங்கள் ஜூம் லென்ஸ் முழு நீளத்தில் எஃப் 6.3 வரைதான் திறக்கும் என்றால் 1/2500. இதைச் சட்டைப் பையில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசையாக:

1. மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 1/1600. ஆட்டோ ஐஎஸ்ஓ அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். மேனுவலில் வைத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன வித்தை எதுவும் பலிக்காது.

2. திரையில் அதிகம் வெளுத்த இடம் மினுக்மினுக்கென்று காட்டும் எச்சரிக்கையை மெனுவில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேமராக்களில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

3. வயலில் வெயிலில் நிற்கும் ஒரு கொக்கை எடுங்கள். டெல்டாவில் கொக்கு கிடைக்காத வயல் இல்லை. திரையில் கொக்கு மினுக்கினால் ஷட்டரை 1/2000க்கு ஏற்றுங்கள். அப்போதும் மினுக்கினால் 1/2500. மினுக்கல் நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

4. இதுதான் இன்றைய அளவு. கொக்கின் வெள்ளை வெளுக்கவில்லை என்றால் கருடனின் தலை வெளுக்காது. மேகம் வரும்வரை, அல்லது நிழல் நீளும்வரை, இதைத் தொடாதீர்கள்.

5. கள்ளப்பருந்து வந்தால் மட்டும் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள். அது போனதும் மறக்காமல் திரும்ப 400. நான் மறந்த நாட்கள் நிறைய.

திரையைப் பார்ப்பதுதான் வெயிலில் பெரிய பாடு. நான் செய்த தப்பும் அங்கேதான் தொடங்கியது. தோளில் ஒரு காசித்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்கும்போது தலையையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டு பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மற்ற நேரத்தில் அதே துண்டைக் கேமராமேல் போட்டு வைக்கலாம். கறுப்பு உடம்பு வெயிலில் தொடமுடியாத அளவுக்குக் கொதிக்கும்.

ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கவேண்டும். புதிய கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நடுவில் உள்ள சில புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு பருந்தின் கழுத்துப் பக்கம் பிடியுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்கி மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுங்கள். ஸ்டாண்ட் வேண்டாம், தலைக்கு மேலே போகும் பறவைக்கு அது கையைக் கட்டிப்போடும். கரையில் உட்கார்ந்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் போதும்.

லென்ஸ் எது என்று கேட்பார்கள். 150-600, 200-500, 100-400 மி.மீ. ஜூம் எதுவாக இருந்தாலும் சரி. 70-300 வைத்திருப்பவர்கள் மீன் துறைக்குப் போங்கள், அங்கே பருந்து கிட்டத்தில் வரும். போலரைசர் என்ற, எதிரொளியைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடியை வாங்கச் சொல்லி யாராவது சொன்னால், அந்தக் காசை பஸ்ஸுக்கும் இளநீருக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

காற்று எந்தப் பக்கம்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தரங்கம்பாடிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். காலை முழுக்க நான் பருந்தின் வாலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது காத்த மூஞ்சியில வாங்கிக்கிட்டுதான் எறங்கும். நீங்க அதுக்கு முதுகுப் பக்கம் நிக்கிறீங்க" என்றார். இத்தனை நாள் வெயிலை மட்டும் பார்த்து நின்றேனே தவிர, காற்றைப் பார்த்ததே இல்லை.

இறங்கவும் எழும்பவும், மீனுக்கு மேல் நிதானமாக மிதக்கவும் பருந்து காற்றை எதிர்த்துத்தான் வரும். வெயில் உங்கள் முதுகில் அடிக்கவேண்டும், காற்றும் உங்கள் முதுகிலேயே அடிக்கவேண்டும். அப்போது பருந்து வெயிலில் நனைந்த முகத்தோடு உங்களைப் பார்த்து வரும். இரண்டும் எப்போது ஒரே பக்கம் சேரும்?

ஆடி மாதம் மேல்காற்று. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அம்மியைத் தூக்குகிறதோ இல்லையோ, தொப்பியை நிச்சயம் தூக்கும். மாலையில் சூரியனும் மேற்கே. ஆக ஆடியில் பிற்பகல் இரண்டரைக்கு மேல், மேற்கே முதுகைக் காட்டி நில்லுங்கள். காற்று பலமாக இருப்பதால் பருந்து முன்னேற முடியாமல் அந்தரத்தில் மெதுவாக நிற்கும், ஃபோகஸ் பழக இதைவிட நல்ல பருவம் இல்லை. தை, மாசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, காலைச் சூரியன் தென்கிழக்கிலிருந்து. அப்போது காலைதான் உங்கள் நேரம், எட்டரை முதல் பதினொன்று வரை. கடலோரத்தில் கோடையில் பகல் ஏறியதும் கடற்காற்று கிழக்கேயிருந்து வந்துவிடும், சூரியனோ மேற்கே போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நேருக்கு நேர் படம் கிடைக்காது, பக்கவாட்டுப் படத்துக்கு நில்லுங்கள்.

வட்டமிடும் பருந்துக்கு இன்னொரு சூட்சுமம். வட்டம் அடிக்கும்போது அது உள்பக்கமாகச் சாயும். அதனால் வட்டத்தின் நம் பக்கப் பாதியில் வயிற்றைக் காட்டும், அந்தப் பக்கப் பாதியில் முதுகைக் காட்டும். உச்சி வெயில் முழுக்க விழுவது முதுகில். கருடனின் முதுகுச் செம்மை பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் தரையில் நிற்பவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை. கொள்ளிடத்தின் உயரமான கரையோ பாலத்தின் ஓரமோ கிடைத்தால், பருந்தும் தாழ வட்டமிட்டால், அந்தப் பக்கம் திரும்பும் அந்த நொடிக்காகக் காத்திருங்கள். முதல் மூன்று வட்டங்களைக் கேமரா இல்லாமல் கண்ணால் பாருங்கள். எந்த இடத்தில் பளிச்சென்று மின்னுகிறது என்று தெரிந்துவிடும். நான்காவது வட்டத்தில் அந்த இடத்தில் மட்டும் அழுத்துங்கள். அறுநூறு படம் எடுத்து அல்லாட வேண்டியதில்லை.

நேர் தலைக்கு மேலே வந்துவிட்டதா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சூரியனுக்குச் சற்றுத் தள்ளி அது வால் விரித்துத் திரும்பும்போது, வெயில் இறகைத் துளைத்துக்கொண்டு வரும். வாலும் இறக்கை விளிம்பும் தணல் மாதிரி ஒளிரும். இதை விடியலில் எடுக்கமுடியாது. இந்தப் படத்துக்கு மட்டும் ஷட்டரை ஒரு படி இறக்குங்கள், 1/2000 இருந்தால் 1/1000. ஆனால் சூரியனே படத்துக்குள் வரக்கூடாது. டெலி லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணைப் பொசுக்கும், ஒரு நொடியிலேயே. கண்ணாடி வழியே பார்க்கும் பழைய வகைக் கேமராவில் இது நேரடி ஆபத்து. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்றால் கண் தப்பும், கேமராவின் உள்பாகம் கருகும். பருந்து சூரியனை நோக்கிப் போகிறதா, கேமராவை இறக்கிவிடுங்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த ஊருக்குப் புள்ளிருக்குவேளூர் என்றும் பெயர், புள் என்பது சடாயு. அந்தச் சடாயுவைக் காப்பாற்றச் சூரியனுக்குக் குறுக்கே போய் இறகு தீய்ந்தவன் அண்ணன் சம்பாதி. நமக்கு அவ்வளவு தியாகம் தேவையில்லை.

கானல்

எல்லாம் சரியாக வைத்தும் படம் வெண்ணெய் மாதிரி மழுங்கி வருகிறதா? லென்ஸைத் திட்டாதீர்கள். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை, காய்ந்த வயல், மணல் எல்லாவற்றுக்கும் மேலே காற்று அலையடிக்கும். நீளமான லென்ஸ் அந்த அலையையும் சேர்த்துப் பெரிதாக்கும். சோதனை எளிது: ஒரே வேகத்தில் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். பத்தும் பத்து விதமாக மழுங்கியிருந்தால் கானல்.

கானலுக்குக் கேமராவில் மருந்து கிடையாது. தூரத்தைக் குறையுங்கள். தரைக்குச் சமாந்தரமாக எடுக்காமல் மேல்நோக்கி எடுங்கள், சூடான காற்றுப் படலத்தை லென்ஸ் சீக்கிரம் தாண்டிவிடும். காய்ந்த நிலத்துக்குக் குறுக்கே எடுப்பதைவிடத் தண்ணீருக்குக் குறுக்கே எடுத்தால் அலை குறைவு. உப்பளத்தில் வெளிச்சம் பிரமாதம் என்றேன், கானலும் அங்கே பிரமாதம்தான். அதனால் அங்கே காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்வேன். காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே இருக்கும் குளிர்க்காற்று வெளியே கலக்கும் இடத்திலேயே ஒரு கானல் உண்டாகும். அணைத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். தண்ணீர் வந்து, டிராக்டர் சேற்றுழவு ஓட்டத் தொடங்கியதும் தவளையும் நண்டும் கிளம்பும், கொக்குக் கூட்டத்தோடு கருடனும் டிராக்டர் பின்னால் வரும். வயல் முழுக்கத் தண்ணீர், பறவை தாழ. கீழிருந்து வெளிச்சம் என்று நான் சொன்னது முழுசாகக் கிடைக்கும் பருவம் இதுதான். வரப்பில் ஏறுவதற்கு முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நாற்றை மிதித்தால் திட்டு நிச்சயம்.

தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் போகும் தடத்தில் எலி ஓடும், அதன்பின் பருந்து. பூனைப்பருந்தும் அப்போது இருக்கும். தூசி பறப்பதால் வெயில் கொஞ்சம் மட்டுப்பட்டுத் தெரியும், கொக்கு அளவைத் திரும்ப ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. கார்த்திகை முதல் மாசி வரை நீர்ப்பறவைகளைத் தேடிப் பருந்தும் வரும். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், உள்ளே போக வனத்துறையிடம் அனுமதியும் கட்டணமும் உண்டு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போகவேண்டும். ஆடும் படகில் 1/2500க்குக் குறையாதீர்கள்.

மீன் துறை என்றால் நாகப்பட்டினம், பழையாறு, தரங்கம்பாடி, பூம்புகார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், துறையில் மீனும் குறைவு, பருந்தும் குறைவு. அந்த மாதங்களில் வற்றிக்கொண்டிருக்கும் வாய்க்கால் குட்டைகளைத் தேடுங்கள். சிக்கிக்கொண்ட மீனுக்காகப் பருந்து சுற்றும்.

ஊரில் கும்பாபிஷேகம் என்றால் சொல்லவே வேண்டாம். குடத்து நீர் விழும் நேரம் கூட்டமே வானத்தைப் பார்த்துக் கருடனைத் தேடும். அப்போது கையில் போன்தான் இருக்கும். திரையில் பருந்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்து, கோபுரத்தோடு சேர்த்து நிழலுருவமாக எடுத்துவிடுங்கள். ஜூம் பண்ணாதீர்கள். கலசத்துக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளியாக இருந்தாலும் அந்தப் படம்தான் அழகு.

செய்யக்கூடாதவை

கூட்டை எடுக்காதீர்கள். செம்பருந்து மார்கழியிலிருந்து சித்திரை வரை தென்னையிலும் அரசு ஆல் மரங்களிலும் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும். உச்சி வெயிலில் தாய் இறக்கையைக் குடையாக விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் கிட்டே போய் அது பறந்துவிட்டால், நீங்கள் லென்ஸ் மாற்றும் நேரத்துக்குள் குஞ்சு வெயிலில் வாடிவிடும். பறவை உங்களையே பார்க்கிறது, கத்துகிறது என்றால் ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டீர்கள். பின்னால் போங்கள்.

கோழிக்கழிவு வீசிப் பருந்தைக் கூப்பிடுவது சில இடங்களில் பழக்கமாகிவிட்டது. படம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். துறையில் அழுகிய கழிவு சேர்ந்து தெருநாய் கூடுவதும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தப் பறவைகள் பாதுகாக்கப்பட்டவை, துன்புறுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். முழுக்கைச் சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துக்கொண்டு தாகத்தை மறந்துவிடுவோம், அதுதான் ஆபத்து. தலை கிறுகிறுத்தால் பருந்து எங்கேயும் போய்விடாது, நிழலுக்கு வாருங்கள். சாலையோரம் நீர்மோர் பந்தல் இருந்தால் வெட்கப்படாமல் இரண்டு தம்ளர் கேட்டுக் குடியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

ஏசி அறைக்குள் கேமராவை நேராகக் கொண்டுபோகாதீர்கள். காலையில் ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது இன்னும் மோசம், டெல்டாவின் புழுக்கத்தில் லென்ஸ் வேர்த்துவிடும். பைக்குள் மூடியபடியே அரைமணி வைத்துப் பிறகு திறங்கள். உப்பளத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்தால் லேசாக ஈரமான துணியால் கேமரா உடம்பையும் லென்ஸ் வளையங்களையும் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை.

கணினியில் வேலை கொஞ்சம்தான். வெள்ளையைக் காப்பாற்றி எடுத்திருப்பதால் படம் சற்று இருட்டாகத் தெரியும், பயப்படாதீர்கள். நிழல் பகுதியை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள், இறக்கையின் அடிப்பக்க வரிகள் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். இன்னும் இழுத்தால் மணல் மணலாகப் புள்ளி விழும். கருடனின் செம்மையைக் கூட்டிக் கூட்டி ஆரஞ்சுப் பழமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கு இன்னும் வருகிறது. வெள்ளைத் தலை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து நிறச்சமனை வையுங்கள், செம்மை தானாகச் சரியான இடத்தில் வந்து நிற்கும். நீல வானத்தில் ஒரே இடத்தில் எல்லாப் படத்திலும் ஒரு கரும்புள்ளி இருந்தால் அது தூரத்துப் பருந்து இல்லை, சென்சார் தூசி. நான் ஒரு வாரம் அதைப் பருந்து என்று நம்பிக்கொண்டிருந்தேன்.